உலகம்மாளின் பசி சாப்பிட்ட வீடுகள்

உலகம்மாளின் பசி அவளை விட்டு இறங்கி, பின்வாசல் வழியாக, கருவேப்பிலை மரத்தைச் சுற்றிக்கொண்டு தெருவுக்குப் போனது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். ஆவுடையாள்புரத்தில் அந்நேரம் பீடிக்கடைக்குப் பீடிக்கட்டு கொண்டுபோகிற பெண்கள் எல்லாரும் சொளவு முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வரிசையாகப் போய்க்கொண்டிருந்ததால், அதைப் பார்க்காதவர்கள் என்று அந்தத் தெருவில் யாருமே கிடையாது. ஆட்டுக்குட்டி உசரம் இருந்தது. முகம் என்று தனியாக எதுவும் இல்லை. சித்திரை வெயிலில் தார்ரோட்டுக்கு மேலே காற்று நெளியுமே, அப்படி நெளிந்துகொண்டு, இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து, அவசரமில்லாமல் நடந்தது. உலகம்மாளின் அந்தச் சாய்ந்த நடையை வைத்துத்தான் எல்லாருக்கும் அடையாளம் தெரிந்தது.

"அது நம்ம உலகு மைனி பசியில்லா?" என்றாள் பக்கத்து வீட்டு மூக்கம்மா.

"ஆமா, அவ பசிதான். வேகாத வெயில்ல எங்க போவுதோ" என்றாள் பின்னால் வந்தவள்.

பீடிக்கடைக்காரன் நேரமாகிவிட்டால் இலையில் ஓட்டை, தூளில் கல் என்று நூறு குற்றம் சொல்வான் என்பதால் அதற்கு மேல் யாரும் நிற்கவில்லை.

ஒரு காலத்தில் உலகம்மாள் சாப்பிடுவதைப் பார்ப்பதற்கென்றே ஆள் வரும். கல்யாணமான புதிதில் அவள் புருஷன் கோமதிநாயகம் மத்தியானமானால் மாவு மில்லை அப்படியே போட்டுவிட்டு, தலையில் மீசையில் புருவத்தில் எல்லாம் மாவோடு வீட்டுக்கு ஓடிவந்து, அவளுக்கு எதிரே உட்கார்ந்து, தன் தட்டில் இருக்கிறதை மறந்துவிட்டு அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு முழங்காலைக் குத்தவைத்து, மறு காலை மடக்கி, உளுந்தஞ்சோற்றில் எள்ளுத் துவையலைப் புதைத்து அவள் உருண்டை பிடிக்கிற அழகில் அவருக்கு வயிறு நிறைந்துவிடும். அப்புறம்தான் அந்த நோய் வந்தது. குடலுக்குள் புண் என்றார்கள். தின்றது எதுவும் தங்காமல் ரத்தமாகப் போனது. தென்காசி போகிற பஸ்ஸில் எந்த நிறுத்தத்தில் கக்கூஸ் இருக்கிறது, எங்கே வேலிக்கருவை அடர்த்தியாக இருக்கிறது என்பதெல்லாம் டிரைவரைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. ஊரில் நடந்த கல்யாணங்களையெல்லாம் அவள் போட்டோவில்தான் பார்த்தாள். அவ்வளவு வருஷமும் பசி மட்டும் அவளை விடவேயில்லை. ரத்தம் போகப் போக அது இன்னும் வலுவாக உள்ளே உட்கார்ந்துகொண்டு, அடுத்த வீட்டில் கடுகு தாளித்தால்கூட எழுந்து நின்றது.

கடைசியில் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலது பக்கம் வெளியே கொண்டுவந்து வைத்து, அதன் மேல் ஒரு பையை ஒட்டி அனுப்பினார்கள். "நோய் போயிட்டும்மா. இனிமே நீங்க எது வேணும்னாலும் சாப்பிடலாம். ஒடம்பும் மனசும் தேறி வாங்க, உள்ளயே சேத்துத் தச்சு இதை மூடிரலாம்" என்று டாக்டர் சிரித்த முகமாகச் சொன்னார். பை மாற்றச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர், "இதைப் பாருங்கம்மா, பயப்படாதீங்க, சின்ன ரோசாப்பூ மாதிரிதான் இருக்கு" என்றாள். உலகம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ரோசாப்பூன்னா நீ பறிச்சுத் தலையில வச்சுக்கிடு தாயி" என்றாள். வார்டே சிரித்தது. ஆனால் அவள் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தடவித் தடவித்தான் பையை மாற்றினாள்.

பை சும்மா இருக்கவில்லை. பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு உட்கார்ந்ததும், சேலைக்குள்ளிருந்து 'கொளக்' என்று சத்தம் போட்டது. வந்தவர்கள் மின்விசிறியைப் பார்த்தார்கள், காலண்டரைப் பார்த்தார்கள். மூக்கம்மா ஒருத்திதான் "ஏ கோழி, போ அங்கிட்டு" என்று இல்லாத கோழியை விரட்டிச் சமாளித்தாள். அதுகூடப் பரவாயில்லை. ஒரு நாள் விடியற்காலையில் பை ஓரத்தில் பிரிந்து பாயெல்லாம் ஆகிவிட்டது. பக்கத்தில் படுத்திருந்த கோமதிநாயகம் எழுந்து, முற்றத்துக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக் கையை ரொம்ப நேரம் கழுவினார். அவர் கையில் எதுவும் படவில்லை. தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் அவர் ஓங்கரிக்கிற சத்தத்தை உலகம்மாள் கேட்டாள். மறுநாள் அவர், "கரண்டு எப்ப வருது எப்ப போவுதுன்னு தெரியல, அரைக்கக் குடுத்தது அப்படியே கெடக்கு" என்று சொல்லித் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு மில்லுக்குப் படுக்கப் போனார். "சரி" என்றாள். மில்லில் மோட்டார் ஓடாத நாட்களிலும் பாய் திரும்பி வரவில்லை.

போடுவது நின்றால் வருவது நின்றுவிடும் என்று உலகம்மாள் கணக்காக யோசித்தாள். முதலில் குழம்பை நிறுத்தினாள், பிறகு சோற்றை, பிறகு கஞ்சியை. பசி அவளைப் பிடுங்கியது, கெஞ்சியது, காலைக் கட்டிக்கொண்டது. அந்த வெள்ளிக்கிழமை மூக்கம்மா தூக்குச்சட்டியில் சொதியும் இஞ்சிப்பச்சடியும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதும், தேங்காய்ப்பால் வாசத்துக்கு அது துள்ளி எழுந்தபோது, உலகம்மாள் அதை முறைத்துப் பார்த்து, "நான் சீரழிஞ்சது பத்தாதா? இங்க ஒனக்கு என்ன இருக்குன்னு ஒட்டிக்கிட்டு கெடக்க? வேற வீடு பாத்துப் போயேன்" என்றாள். அது கொஞ்ச நேரம் நின்றது. பிறகு போய்விட்டது.

முதலில் அது நுழைந்தது மூக்கம்மாவின் வீட்டில். அவள் கட்டைக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால் அடுப்படியில் அது உட்கார்ந்திருந்தது, ஒரு பக்கம் உயர்ந்து, மறு பக்கம் மடங்கி. மூக்கம்மா கொல்லையில் ஓடிப்போய் ஒரு நுனி இலையை அறுத்து வந்து விரித்து, சோறு, புளிக்குழம்பு, அவியல், சுட்ட அப்பளம் எல்லாவற்றையும் ஒரேயடியாக வைத்தாள். நோயாளிப் பசி, பார்த்துக்கொண்டிருந்தால் கண் பட்டுவிடும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நின்றாள். திறந்தபோது இலை துடைத்த மாதிரி இருந்தது. முருங்கைச் சக்கை மட்டும் ஒரு மூலையில், அடுக்கி வைத்த மாதிரி, உலகு வைப்பாளே அப்படியே. மூக்கம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லி அழுதாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் ஒரு வீடு என்று ஆனது. யாரும் முறை வைக்கவில்லை, அது தானாகப் போனது. ஆனால் மத்தியானம் நெருங்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு இலை அறுத்து, தண்ணீர் தெளித்துத் தயாராக இருந்தது. எல்லாரும் மூக்கம்மா செய்த மாதிரியே செய்தார்கள்: இருக்கிற எல்லாவற்றையும் ஒரேயடியாக வைத்து, கதவைச் சாத்தி, வெளியே நின்றார்கள். அது வந்துபோன வீட்டில் அன்றைக்குக் குழம்பு தனி ருசியாக இருந்ததாகச் சொன்னார்கள். "நேத்து உங்க வீட்டுல கூட்டாஞ்சோறாம்லா, நாளைக்கு நான் தீயல் வைக்கேன் பாரு, எங்க போவுதுன்னு" என்று பெண்கள் பீடி சுற்றிக்கொண்டே சவால் விட்டார்கள். சாப்பிட அழுகிற பிள்ளைகளை வைத்திருக்கிற தாய்மார்களுக்குத்தான் பெரிய நிம்மதி. சாத்தின கதவுக்கு வெளியே பிள்ளையை உட்காரவைத்தால், உள்ளே அது உறிஞ்சுகிற சத்தத்தையும் அப்பளம் நொறுக்குகிற சத்தத்தையும் கேட்டு, முருங்கைக்கீரையைக்கூடத் துப்பாமல் தின்றன. அங்கன்வாடி டீச்சர் அதற்கு முட்டை கொடுக்கலாமா என்று மேலே கேட்டாள். மேலேயிருந்து பதில் வரவில்லை. டீச்சர் முட்டையைக் கொடுத்துவிட்டாள்.

ஆடி வெள்ளியன்று யாரோ அதற்குக் கருவாட்டுக் குழம்பு வைத்துவிட்டார்கள் என்று ஒரு பெரிய சண்டை நடந்து, பசிக்கு விரதம் உண்டா இல்லையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து, பிறகு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் கிடாக்கறி வெந்ததும் முதல் இலையை அதற்கே போட்டுச் சமாதானம் ஆனார்கள். தெரு நாய்கள் அதற்கு எழுந்து வழிவிட்டன. மினி பஸ் டிரைவர் அது ரோட்டைக் கடக்கிறவரை ஹார்ன் அடிக்காமல் நிறுத்தினார். வீடு வீடாகத் தின்று அது வளர்ந்தது. ஆட்டுக்குட்டி உசரம் கன்றுக்குட்டி உசரம் ஆகி, கொடை முடிந்தபோது ஒரு பொம்பளை உசரத்துக்கு வந்துவிட்டது. "உலகு எப்படி இருக்கா?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், "நல்லா சாப்பிடுதா, நேத்துகூட எங்க வீட்டுலதான்" என்று ஊரில் எல்லாரும் மனசார, சந்தோஷமாகச் சொன்னார்கள். ஓர் ஆரஞ்சுப் பழத்தோடு போய், மூடிக் கிடக்கிற வீட்டில், பேசாத ஒருத்திக்கு எதிரே உட்கார்ந்து மின்விசிறியைப் பார்ப்பதைவிட அவளுடைய பசிக்கு ஓர் இலை போடுவது எல்லாருக்கும் சுலபமாக இருந்தது. அதில் பொய் எதுவும் இல்லை. அன்பாகத்தான் செய்தார்கள்.

உலகம்மாளுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அதுதான் விஷயம். பை காலியாக, தட்டையாக, சத்தமில்லாமல் வயிற்றோடு கிடந்தது. வீடு சுத்தமாக இருந்தது, பாத்திரம் கழுவ வேண்டியதில்லை, எந்த வாடையும் இல்லை. தண்ணீரும் சுக்கு வெந்நீரும் போதுமாக இருந்தது. சேலை இடுப்பை இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றியது. வளையல் கழன்று விழுந்து உருண்டு கட்டிலுக்கு அடியில் போனபோது எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. எதுவுமே தோன்றவில்லை. பசி போகும்போது தன் சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்விட்டிருந்தது. கோபம் போயிருந்தது, அழுகை போயிருந்தது, புருஷன் பாயைச் சுருட்டின அன்றைக்கு நெஞ்சுக்குள் ஏறி உட்கார்ந்த பாரம்கூட எங்கேயோ போயிருந்தது. திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகள் போனில் கூப்பிட்டு, "யம்மா, நான் முழுகாம இருக்கேன்" என்று குரல் நடுங்கச் சொன்னபோது, இத்தனை வருஷம் எந்த வார்த்தைக்குக் காத்திருந்தாளோ அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு, "சரி, ஒடம்பப் பாத்துக்கோ" என்று சொல்லிப் போனை அணைக்காமலே கீழே வைத்தாள். மறுமுனையில் மகள் ரொம்ப நேரம் "யம்மா, யம்மா" என்றுகொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் பார்க்கிற தேதி வந்தபோது மூக்கம்மாதான் கூட்டிக்கொண்டு போனாள். எடை பார்க்கிற மிஷினில் ஏறினால் முள் அசையவே யோசித்தது. டாக்டர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "புண்ணு எல்லாம் ஆறிருக்கு. இவங்கதான் ஆறல" என்று சிஸ்டரிடம் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

சிஸ்டர் மூக்கம்மாவைத் தனியாகக் கூப்பிட்டாள். "இப்படி இருந்தா எப்படிம்மா மூடுவாங்க? தச்சாலும் ஒட்டாது, ஒட்டுறதுக்கு ஒடம்புல ஆளு வேணும்லா. மூடுறத விடுங்க. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனா திரும்பக் கூட்டிட்டு வரவே வேண்டாம், அங்கயே முடிஞ்சிரும். ஏன் சாப்பிட மாட்டேங்காங்க?"

"அவ பசி அவகிட்ட இல்ல சிஸ்டர். எங்க ஊருலதான் சாப்பிடுது. நல்லாத்தான் சாப்பிடுது, நாங்க ஒரு கொறையும் வைக்கல."

சிஸ்டர் ஆச்சரியப்படவில்லை. "இந்த வார்டுல அது உண்டு. சிலருக்குத் தூக்கம் போயிரும், ஒருத்தருக்குச் சிரிப்பு போயி, அடுத்த தெருவுல சிரிச்சுட்டு இருந்துச்சாம். சரி, நீங்க ஏன் போடுதீங்க?"

"வீடு தேடி வந்ததை எப்படிம்மா வெரட்ட?"

"நீங்க போடப் போட அது ஏன் வீட்டுக்குப் போவுது?" என்றாள் சிஸ்டர்.

அன்று சாயங்காலமே பீடிக்கடை வாசலில் எல்லாரும் கூடினார்கள். மூக்கம்மா நடந்ததைச் சொன்னாள். அழுதுகொண்டும் மூக்கைச் சிந்திக்கொண்டும் சொன்னதால் கேட்டவர்களுக்குச் சிஸ்டர் மேல்தான் கோபம் வந்தது. "பசிக்குச் சோறு போட்டது ஒரு குத்தமா?" என்றார்கள். "நம்ம என்ன வெசமா வச்சோம்?" என்றார்கள். ஓரமாக நின்ற சங்கிலிபூதம் அப்போதுதான் வாயைத் திறந்தார். பெண்டாட்டி செத்து, பீடி லேபிள் ஒட்டித் தனியாகக் காலம் தள்ளுகிற மனிதர். கூட்டத்தில் பேசுகிறவர் இல்லை.

"நான் மாசாமாசம் அமாவாசைக்கு எங்க வீட்டுக்காரிக்கு எலை போடுவேன்" என்றார். "எல்லாத்தையும் ஒரேயடியா வைப்பேன். கதவைச் சாத்துவேன். வெளிய வந்து நிப்பேன். இதுக்கும் அப்படியேதான் செஞ்சேன். நீங்களும் அப்படித்தானே செஞ்சீய?"

ஆமாம் என்று ஒன்றிரண்டு தலைகள் ஆடின.

"ஒரு நாளாவது, ஒரு வீட்டுலயாவது, அது தின்னுட்டு இருக்கையில பக்கத்துல நின்னு, இன்னும் கொஞ்சம் போடட்டா, போதுமான்னு யாராவது கேட்டீயளா? நான் கேக்கல. செத்தவங்களத்தான நம்ம கேக்க மாட்டோம். உசுரோட இருக்கவளுக்கு ஊரே சேந்து படைச்சுட்டோம். அது தன்ன செத்தவ பசின்னு நெனச்சுக்கிட்டுது. பொறவு அது எப்படி வீட்டுக்குப் போவும்?"

பீடி இலை நறுக்குகிற கத்தரிச் சத்தம் அப்படியே நின்றது. நெஞ்சில் அடித்துக்கொள்ளக் கையை ஓங்கிய மூக்கம்மா, அதுவும் செத்த வீட்டில் செய்கிறது என்று ஞாபகம் வந்து கையை இறக்கிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் ஆவுடையாள்புரத்தில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது, எந்த வீட்டிலும் இலை அறுக்கவில்லை. அது வந்தது. முதல் கதவைத் தட்டியது, பிறகு அடுத்தது. கோபமாகத் தட்டவில்லை, யாரோ மறந்து சாத்திவிட்டார்கள் என்கிற மாதிரி மெதுவாகத் தட்டியது, அதுதான் தாங்கமுடியவில்லை. மூக்கம்மா கதவுக்குப் பின்னால் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் "யம்மா, பசி வந்திருக்கு, தொறயேன்" என்று அழுதன. அன்றைக்கு ஒரு பிள்ளையும் சாப்பிடவில்லை. உலகம்மாள் வீட்டில் மட்டும் மூக்கம்மா முன்னாலேயே வந்து, சங்கிலிபூதம் சொன்னதையெல்லாம் அவளிடம் சொல்லிவிட்டு, பின்வாசலை விரியத் திறந்து, அடுப்பைப் பற்றவைத்து, சொதி கொதிக்கவிட்டிருந்தாள். அது கருவேப்பிலை மரம்வரைக்கும் வந்தது. மோந்து பார்த்தது. கதவருகே, சேலைக்குள் ஒரு குச்சி மாதிரி நின்ற உலகம்மாளை ஏற இறங்கப் பார்த்தது. தவறான வீட்டு வாசலில் நின்றுவிட்டவர்கள் கூச்சத்தோடு விலகுவார்களே, அப்படி விலகிப் போய்விட்டது.

அடுத்தடுத்த நாட்களும் அப்படித்தான். எல்லாக் கதவும் சாத்தியே இருந்தும் அது மெலியவில்லை. யாரோ போடுகிறார்கள் என்று ஒருவர் மேல் ஒருவர் சந்தேகப்பட்டு, "நீதான் கொல்லப்பக்கமா குடுக்க" என்று சண்டை வந்தது. கடைசியில் மூக்கம்மாதான் பார்த்தாள், கருவேப்பிலை மரத்தடியில் அது நின்ற இடத்தில், கோலம் அழிந்த மாதிரி வெள்ளை வெள்ளையாக.

"மைனி, இங்க வாங்க. காலடியப் பாருங்க." குனிந்து தொட்டு மோந்து பார்த்தாள். "பச்சரிசி மாவு."

ஊரில் மாவு மில் ஒன்றுதான். மூக்கம்மா அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை; சேலைத் தலைப்பை உதறிச் சொருகிக்கொண்டு, "வாங்க, நானும் வாரேன்" என்றாள். "வேண்டாம், நான் போறேன்" என்றாள் உலகம்மாள். ஏன் போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கோபத்தில் போகவில்லை, கோபம் அவளிடம் இல்லை. ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் போகாதவள், பையோடு முதல் தடவையாகத் தெருவில் இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு, காற்றடித்தால் நின்று, காற்று ஓய்ந்தால் நடந்து போனாள். சாத்தியிருந்த கதவுகள் ஒவ்வொன்றாக விரல் அளவு திறந்தன. மில் வாசலுக்கு வந்தபோது மோட்டார் ஓடவில்லை. தகரக் கதவு ஒருக்களித்துக் கிடந்தது.

உள்ளே வெயில் கூரை ஓட்டைகள் வழியாகக் குழல் குழலாக இறங்க, அதில் மாவுத்தூசி மிதந்துகொண்டிருந்தது. வருஷக்கணக்கில் சுவரிலும் பெல்ட்டிலும் உத்திரத்திலும் படிந்த மாவு, அரைக்காத நேரத்திலும் உதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த மாவு அதன் மேல் படிந்து படிந்து, ஊரில் யாருக்கும் தெரியாத முகத்தை அதற்குக் கொடுத்திருந்தது. உருண்ட தோள், கழுத்து மடிப்பு, கன்னத்தில் விழுகிற சின்னக் குழி. நோய் வருவதற்கு முந்தைய உலகம்மாள், வெள்ளை வெளேரென்று, ஒரு முழங்காலைக் குத்தவைத்து உட்கார்ந்து இலையில் உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். எதிரே கோமதிநாயகம். தன் தட்டை மறந்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு, அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மெதுவா தின்னு உலகு, யாரு பிடுங்கப் போறா?" என்றார். "ஒன்ன இப்படிப் பாத்து எத்தன வருசமாச்சு."

ஊர் முழுக்க அதைப் பசி என்று சொன்னது. அவர் மட்டும் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். கூப்பிட்ட இடத்தில் அது இருந்துகொண்டது.

உலகம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கோமதிநாயகத்துக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. எழுந்திருக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல், ஒரு கையைத் தரையில் ஊன்றியபடி இருந்தார்.

"நீ... நீ ஏன் இந்த ஒடம்போட நடந்து வார?" என்றார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. மாவில் செய்த மாதிரி உட்கார்ந்திருந்த தன்னையே பார்த்தாள். அதன் வயிற்றைப் பார்த்தாள். வழவழவென்று, ஒரு தழும்பில்லாமல், கல்யாணத்தன்று இருந்த வயிறு. இவருக்குக் கிடைத்துவிட்டது என்று நினைத்தாள். இவர் தேடினது இவருக்குக் கிடைத்துவிட்டது. நான் போய்விட்டால் இது இங்கேயே இருக்கும், இவர் தினமும் சிரிப்பார். அந்த நினைப்பு வலிக்கவில்லை. வலிக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை என்பது மட்டும் தெரிந்தது. பல் பிடுங்கின இடத்தை நாக்கு தடவுகிற மாதிரி அவள் அந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். மகள் போனில் "யம்மா, யம்மா" என்றது அந்த வெற்றிடத்துக்குள் எங்கேயோ கேட்டது.

அவள் அதற்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"ஏளா" என்றாள். "ஊரெல்லாம் தின்னயே, என்னைய அடையாளம் தெரியலையா?"

அது உருண்டையைப் பிடித்தபடி அவளைப் பார்த்தது. தெரியவில்லை.

அப்போது உலகம்மாள் சேலையை விலக்கினாள். அதற்குக் காட்ட வேண்டுமென்றால் அவளும் பார்த்துத்தான் ஆக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எப்படி ஒன்றைக் காட்டுவது? குனிந்து, கண்ணாடி மாதிரி இருந்த பைக்குள்ளே, முதல் தடவையாகப் பார்த்தாள். சிவப்பாக, ஈரமாக, வெளிச்சம் பட்டதும் கூசின மாதிரி சுருங்கி, மறுபடி மெல்ல விரிந்தது. ரோசாப்பூவாம். சிஸ்டருக்குப் பிள்ளை இல்லை போலிருக்கிறது. அது பல் முளைக்காத பச்சைப் பிள்ளையின் ஈறு மாதிரி இருந்தது. பால் தேடி மெல்லுமே, அப்படி, ஒன்றுமில்லாததை மென்றுகொண்டிருந்தது.

"பாரு" என்றாள் பசியிடம். "வாசல மாத்தி வச்சிருக்கு. வீடு இதுதான்."

அது உருண்டையை இலையில் வைத்தது. எழுந்து, இலையைத் தாண்டி, சாய்ந்த நடையில் அவளிடம் வந்தது. ஒவ்வோர் அடிக்கும் அதன் மேலிருந்த மாவு உதிர்ந்தது. தோள் உதிர்ந்தது, கழுத்து உதிர்ந்தது, கன்னத்துக் குழி உதிர்ந்தது. கோமதிநாயகம் "உலகு" என்று கத்தினார். அவர் கூப்பிட்டது தன்னை அல்ல என்று உலகம்மாளுக்குத் தெரிந்தது. அது வந்து சேர்ந்தபோது தரையில் ஒரு குத்து மாவு மட்டும் கிடந்தது. கோமதிநாயகம் முழங்காலில் தவழ்ந்து வந்து, அந்த மாவை இரண்டு கையாலும் கூட்டிக் கூட்டி அள்ளினார். விரலிடுக்கில் அது ஒழுக ஒழுக மறுபடி அள்ளினார். பெரிய மனிதர், மீசை நரைத்தவர், குழந்தை மாதிரி அழுதார்.

உலகம்மாளுக்குப் பசித்தது. அவ்வளவு மாதத்துப் பசியும் ஒன்றாகப் பசித்தது. கூடவே அது கூட்டிக்கொண்டு போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். குழாயடியில் அவர் ஓங்கரித்த சத்தம் வந்தது, சுருட்டின பாய் வந்தது, மகளிடம் "சரி" என்று சொன்ன தன் குரல் வந்தது, இப்போது தன் கண்ணெதிரே தனக்காக அல்லாமல் அழுகிற இந்த மனிதர் வந்தார். அவள் இலையைத் தன் பக்கம் இழுத்து, அது பிடித்து வைத்த உருண்டையை எடுத்து வாயில் போட்டாள். அழுகையோடு அது தொண்டையில் இறங்க மறுத்தது. இறக்கினாள். அடுத்த வாய் எடுத்தாள். சோறும் சளியும் கண்ணீருமாக, பச்சைப் பிள்ளைகள் தின்கிற லட்சணத்தில் தின்றாள்.

இலை காலியானபோது பை பேச ஆரம்பித்தது. 'கொளக்' என்றது, 'கொளகொள' என்றது. மில்லுக்குள் வேறு சத்தம் இல்லாததால் சுவரில் மோதித் திரும்பி வந்தது. கோமதிநாயகம் மாவுக் கையோடு எழுந்து வாசல்வரைக்கும் போனார். அங்கே கதவைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டி நின்றார். ஓங்கரிப்பில் அவர் தோள் ஒருமுறை குலுங்கியது. போய்விடுவார் என்று அவள் நினைத்தாள். போகவில்லை. திரும்பவும் இல்லை.

"இங்க பாருங்க" என்றாள்.

அவர் பார்க்கவில்லை. "என்னால முடியல உலகு" என்றார், தெருவைப் பார்த்துக்கொண்டே. "நான் நெனச்சு செய்யல. கண்ணு போவ மாட்டேங்கு. நான் என்ன செய்ய?"

அவள் சேலையை இழுத்து மூடவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"பாக்க முடியலன்னா விடுங்க" என்றாள். "சட்டியில சோறு இருக்கா?"

"இருக்கு."

"அப்போ கேளுங்க. உசுரோட இருக்கவகிட்ட கேக்க வேண்டியதக் கேளுங்க."

கதவைப் பிடித்திருந்த கையை எடுத்தார். பிறகு அவர் பின்னோக்கிப் பின்னோக்கி நடந்து வந்து, முகத்தைத் திருப்பாமலே குனிந்து, தடவிச் சோற்றுச் சட்டியைத் தேடி எடுத்து, கரண்டியைப் பிடித்தார்.

"போதுமா?" என்றார் வாசலைப் பார்த்து.

"போதாது" என்றாள் உலகம்மாள்.

அவர் பின்பக்கமாகக் கையை நீட்டிச் சோற்றைப் போட்டார். பாதி தரையில் விழுந்தது. அடுத்த கரண்டிக்கு, அந்தக் கை எட்டுகிற இடம் பார்த்து, அவள் இலையை நகர்த்தி வைத்துக்கொண்டாள்.